படம் மாறும் விதம்

"படத்த மாத்தி மாத்திக் காட்டுறதுக்கு ஒரு படிச்ச புள்ள எதுக்குலா? சுவிட்சத் தட்டினா போதாதா?"

சிராங்கூன் சாலையில் நகைக்கடை வைத்திருக்கும் முதலாளி, நான் முதன்முதலாக அவர் கடைக்குப் போன அன்று சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை, என்னோடு வந்திருந்த எங்கள் மேலாளரைப் பார்த்துச் சொன்னார். மேலாளர் சீனர், தமிழ் தெரியாதவர். என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். வேலை எப்போது முடியும் என்று கேட்கிறார் என ஆங்கிலத்தில் சொல்லிச் சமாளித்தேன். முதலாளி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாக வரும் என்பது அடுத்த நிமிடமே, அவர் மேலாளரோடு பேச ஆரம்பித்தபோது தெரிந்துவிட்டது. என் காது இரண்டும் சூடாகிப்போயின.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பாலிடெக்னிக் முடித்து, பீச் ரோடு பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த சின்ன கணினி நிறுவனத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் தருவார்கள், அல்லது நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். எனக்கு முன்னால் சேர்ந்த ஒருவரை அப்படி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். அவர் மேசையை எனக்குத்தான் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான் முதல். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கி, பிறகு பாரந்தூக்கி ஓட்டுபவருக்குக் கையசைக்கும் வேலைக்கு உயர்ந்தவர். கையெழுத்து மட்டும் போடக் கற்றிருந்தார், அதுவும் என் பள்ளி அறிக்கைப் புத்தகத்துக்காக. அம்மா அதையும் கற்றுக்கொள்ளவில்லை. குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருந்த காப்பிக் கடையில், மகள் கம்ப்யூட்டர் செய்கிறாள் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். நான் கம்ப்யூட்டர் செய்யவில்லை, அதற்குள் ஓடும் நிரலைத்தான் எழுதுகிறேன் என்று திருத்திப் பார்த்தேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் நான் வேலையில்லாமல் திரும்பி வருவது என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மேலாளர் இந்த நகைக்கடை வேலையை என்னிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "இவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். முழுப் பொறுப்பும் உன்னுடையது. இது ஒழுங்காக முடிந்தால் உன் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று நேராகவே சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். தாலி வாங்க வருகிற குடும்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. சிலருக்குப் பொட்டு, சிலருக்கு இலை, சிலருக்குப் பிள்ளையார், எங்களைப் போன்ற கத்தோலிக்கர்களுக்குச் சிலுவையோ புறாவோ. எல்லா வடிவத்தையும் செய்து கண்ணாடிக்குள் வைத்திருக்க முடியாது. அதனால் முதலாளி தாலிக்கும் அட்டிகைக்கும் சேர்த்து ஒரு தடித்த படப் புத்தகம் வைத்திருந்தார். பல வருடம் பல கை பட்டு, ஓரம் கிழிந்து, பாதிப் படம் ஒட்டு விட்டுக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அந்தப் புத்தகத்துக்குப் பதிலாக மேசைமேல் ஒரு கணினி. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு படம் போய் அடுத்தது வரவேண்டும், அதுவும் அசைந்து அழகாக வரவேண்டும். கடைசிப் படம் முடிந்ததும் முதல் படத்துக்குத் திரும்ப வேண்டும்.

கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் மாதா கோவில் மண்டபம். எழுபதுகளில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, சாமியார் வெளியூர்த் திருத்தலங்களுக்குப் போய்வந்து படம் போட்டுக் காட்டுவார். படம் காட்டும் கருவியின் தலையில் வட்டமாக ஒரு தட்டு, அதன் பள்ளங்களில் சின்னச் சின்னப் படச்சில்லுகள். பொத்தானை அழுத்தினால் தட்டு ஒரு பள்ளம் நகரும், 'களக்' என்று அடுத்த படம் விழும். பேசாமல் உட்கார்ந்திருப்பவள் என்பதால் அந்தப் பொத்தானை என் கையில் கொடுப்பார். ஆகவே சுவிட்சைத் தட்டும் வேலையில் எனக்கு அனுபவம் இருந்தது. அது மட்டும் போதாது என்று முதலாளிக்குக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் அன்று பேருந்தில் திரும்பும்போது என் மனத்தில் இருந்தது.

படத்தை நகர்த்தும் பகுதியை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. வேறு யாரோ எழுதி வட்டில் போட்டு விற்பதை வாங்கி, நம் நிரலோடு இணைத்துக்கொள்வோம். தச்சர் கீல் வாங்குவதைப் போல. மேலாளர் இரண்டை வரவழைத்துக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒன்று பளபளக்கும் பெட்டியில் வந்தது. நாலு வட்டு, தடித்த கையேடு. படம் மாறுவதற்குப் பன்னிரண்டு வித்தைகள் அதில் இருந்தன. திரைச்சீலை போல நடுவில் பிளந்து விலகும், சன்னல் பட்டைகளாகப் பிரியும், பொடியாக உதிரும், ஒரு புள்ளியாகச் சுருங்கி மறையும். இன்னொன்று பழுப்பு உறையில் வந்தது. இரண்டே வட்டு, நகலெடுத்த முப்பது பக்கக் கையேடு. படம் ஒரு பக்கமாக நகர்ந்து போகும், இன்னொன்று நகர்ந்து வரும், அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது வட்டில் அதன் மூல நிரல் முழுவதையும் கொடுத்திருந்தார்கள். வேண்டுமானால் திறந்து மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் வந்ததைத் திறக்க முடியாது. அவர்கள் செய்து வைத்ததுதான்.

இரண்டு வாரம் சோதித்தேன். கட்டம் போட்ட தாளில் வேகம், எடுத்துக்கொள்ளும் நினைவகம், பின்னால் போகும் வசதி என்று எழுதி இரண்டுக்கும் மதிப்பெண் போட்டேன். உண்மையைச் சொன்னால் இரண்டும் ஏறக்குறைய சமம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் முடிவு செய்யவில்லை. முதலாளியின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் முடிவு செய்தேன். பன்னிரண்டு வித்தையும் மாறி மாறி வரும்போது அவர் வாயைப் பிளக்க வேண்டும். இரண்டு பக்க அறிக்கையில் பெட்டியைப் பரிந்துரைத்து, உறையில் வந்ததைப் பற்றி ஒரே வரி எழுதினேன்: மிகவும் எளிமையானது, வாடிக்கையாளரைக் கவராது. கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் சோதித்ததெல்லாம் பெட்டியோடு வந்த மாதிரிப் படங்களை வைத்து. மலை, மோட்டார் வண்டி, கிளி. கடையின் படங்கள், கணினிக்குள் ஏற்றிக் கொடுக்கும் இடத்திலிருந்து கடைசி நாளில்தான் வந்தன. அவை வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

அன்று வெள்ளிக்கிழமை காலை. கடையில் முதலாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். கடையில் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. கல்யாணத்துக்கு நகை எடுக்க ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். முதலாளி அவர்களைக் கணினிக்கு முன்னால் உட்கார வைத்தார். நான் பக்கத்தில் நின்று பொத்தானை அழுத்தினேன். முதலில் அட்டிகைகள். ஒன்று பட்டைகளாகப் பிரிந்து அடுத்தது ஆனது, ஒன்று பொடியாக உதிர்ந்தது. மணப்பெண் சிரித்தாள். "சினிமா மாதிரி இருக்குலா" என்றாள். முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் பெருமையைக் காட்டிக்கொள்ளாமல் நின்றேன்.

பிறகு தாலிகள். முதலாவது, திரை நிறையத் தெரிந்தது. மணப்பெண்ணின் தாய் நன்றாக முன்னால் சாய்ந்து பார்த்தார். அடுத்தது காட்டுமாறு சொன்னார். அழுத்தினேன்.

தாலி நடுவில் சரியாக இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி இடப்பக்கமும் ஒரு பாதி வலப்பக்கமுமாக விலகிப் போயின. நடுவில் கறுப்பு. முழுத் திரையும் ஒரு விநாடி கறுப்பாகவே நின்று, அதற்குப் பிறகுதான் அடுத்த தாலி வந்தது.

அந்த அம்மாளின் கை தன் கழுத்துக்குப் போயிருந்தது. மகளின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"வேணாம்மா. அந்தப் பொட்டிய மூடிருங்க."

முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பழைய புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அந்த அம்மாள் கோபப்படவில்லை, இன்னொரு நாள் வருவதாக மட்டும் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மகளோடு போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ தமிழ்ப் பொண்ணுதானே?"

அவ்வளவுதான் கேட்டார். கணினியை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் சொன்னேன். தாலி என்றால் என்ன என்பதிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. மோதிரம் போலவா என்று கேட்டார். மோதிரம் போலத்தான், ஆனால் அது அறுந்தால் என்ன பொருள் என்று சொன்னதும் பேனாவை மேசையில் வைத்துவிட்டார். என் அறிக்கையை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டதாகவும், அடுத்த வெள்ளிக்கிழமை வரை பார்ப்பதாகச் சொன்னதாகவும் தெரிவித்தார். "உனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் உன்னிடம் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அடுப்பில் கவனமாக இருந்தவர் கேட்டுக்கொண்டே, சேலைக்கு வெளியே தொங்கிய தன் புறாத் தாலியை எடுத்து ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டார்.

"கொண்டுபோறதுக்கு முன்னாடி அதை நீ ஒரு தடவ போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை என்றேன். அம்மா குழம்பைக் கிண்டப் போய்விட்டார். எழுத்துத் தெரியாத அம்மா கேட்ட அந்த ஒரு கேள்வி, பாலிடெக்னிக்கில் நிரல் சோதனைக்கென்று ஒரு பருவம் முழுக்க நடத்திய பாடம்தான். அதில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு வித்தையையும் ஒவ்வொன்றாகத் தாலிப் படத்தோடு ஓட்டிப் பார்த்தேன். பிளந்தது, பிரிந்தது, உதிர்ந்தது, சுருங்கியது. படத்தை முழுசாக விட்டுவைத்த வித்தை ஒன்றுகூட அதில் இல்லை. எதைப் போட்டாலும் நடுவில் அந்தக் கறுப்பு ஒரு விநாடி வந்தது. அதை எடுக்க வழி தேடிக் கையேட்டை முழுவதும் படித்தேன். வழி இல்லை. மூல நிரல் நம் கையில் இல்லாதபோது வேண்டிக் கேட்கத்தான் முடியும், அதுவும் கடல் தாண்டி ஒரு கம்பெனியிடம்.

மத்தியானம், மன்னிப்புக் கேட்கலாம் என்று கடைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அக்கா வேலையாக இருந்தார், என்னை உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. நானாக ஓரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். செய்ய வேறு வேலை இல்லாததால் அவர் நகை காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வெல்வெட் போட்ட தட்டில் வளையல்களை வைத்து வாடிக்கையாளர் முன் வைப்பார். அவர்கள் வேறு கேட்டால், அந்தத் தட்டை எடுப்பதில்லை. அடுத்த தட்டைக் கொண்டுவந்து முதல் தட்டின்மேல் பாதி படும்படி நகர்த்தி வைப்பார். அது முழுதாக வந்து உட்கார்ந்த பிறகுதான் அடியில் இருப்பதை உருவுவார். ஒரு தடவைகூட அவர்கள் முன்னால் மேசை வெறுமையாக இருக்கவில்லை. எப்போதும் வலது கையால்தான் வைத்தார். தாலி கேட்டு ஒரு குடும்பம் வந்தபோது அதை மற்ற நகைகளோடு தட்டில் வைக்கவில்லை. தனியாகச் சின்னத் தட்டில் குங்குமத்தோடு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை அடுத்ததைப் பற்றிப் பேசவும் இல்லை. அவர்கள் பார்த்தவிதத்தையும் கவனித்தேன். முன்னால் போய்க்கொண்டே இருக்கவில்லை. இரண்டு பார்த்தால் ஒன்று பின்னால் போனார்கள். "மொதல்ல காட்டினீங்களே, அது" என்றே மறுபடி மறுபடி கேட்டார்கள்.

கைப்பையிலிருந்து பேருந்துச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். இடம் போதாமல் இன்னொரு சீட்டு தேடினேன். அக்கா கடைப் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டார்.

முதலாளி திரும்பி வந்தபோது மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த வெள்ளி" என்றார். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மறுநாள் புது அறிக்கை எழுதினேன். என் பழைய அறிக்கையைக் குறிப்பிட்டு, அதில் நான் சொன்னது தவறு, பழுப்பு உறையில் வந்ததை எடுக்க வேண்டும் என்று. மூன்றே வரிதான், ஆனால் எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அந்த வயதுவரை எழுதிய எதையும் நான் தவறு என்று என் கையால் எழுதிக் கொடுத்ததில்லை. மேலாளர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

உறையில் வந்த மூல நிரலைத் திறந்தேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே பொறுமையாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பழைய படம் நகர்ந்து போவதை நிறுத்தினேன். அது அப்படியே இருக்க, புதுப் படம் அதன்மேல் நகர்ந்து வந்து மூடும்படி மாற்றினேன். தட்டின்மேல் தட்டு. கறுப்பு வருவதற்கு இடமே இல்லை. அடுத்த சிக்கல், எந்தப் பக்கத்திலிருந்து வருவது? அக்காவின் வலது கை என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இடப்பக்கம். திரைக்குப் பின்னால் அக்கா நிற்பதாக நினைத்துக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தேன், பிறகு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து பார்த்தேன். மூன்று தடவை. எனக்கு எதிரில் உட்காரும் மலாய்க்காரப் பெண், உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

புதன்கிழமை ஓட்டிப் பார்த்தேன். புதுப் படம் உள்ளே வர ஆரம்பித்ததும், கீழே இருந்த தாலி பச்சையாக மாறியது. வெல்வெட் ஊதாவாகியது. காரணம் கண்டுபிடிக்க மத்தியானம்வரை ஆனது. எங்கள் திரை ஒரே நேரத்தில் இருநூற்று ஐம்பத்தாறு நிறங்களைத்தான் காட்டும். ஒவ்வொரு படமும் தனக்கென்று ஒரு நிறப்பட்டியலோடு வருகிறது. புதுப் படத்தின் பட்டியல் ஏறியதும் பழைய படத்தின் நிறங்கள் இடம் மாறிப்போகின்றன. ஒன்று போனபின் ஒன்று வந்தவரை அது தெரியவில்லை. இப்போது இரண்டும் சேர்ந்து நிற்கின்றனவே. பெட்டிக்காரர்கள் ஏன் நடுவில் கறுப்பை வைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவர்கள் மலையும் கிளியும் காட்டவேண்டியவர்கள், பாவம்.

அந்தக் கிளியை நினைத்ததும்தான் வழி தெரிந்தது. எங்கள் படங்களில் மலையும் இல்லை, கிளியும் இல்லை. எல்லாமே தங்கம், எல்லாமே அதே சிவப்பு வெல்வெட்டில் வைத்து எடுத்தவை. எல்லாப் படத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போதும். பாதி மஞ்சளின் சாயைகள், மீதி சிவப்பின் சாயைகள், கல்லுக்குக் கொஞ்சம் பச்சையும் வெள்ளையும். வியாழக்கிழமை முழுவதும் படங்களை அந்த ஒரே பட்டியலுக்கு மாற்றினேன். தங்கம் தங்கமாகவே நின்றது, முன்பைவிட நன்றாகவே. பிறகு இருக்கிற படம் ஒவ்வொன்றையும் முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். ஒன்று விடவில்லை. தாலிப் படங்கள் மட்டும் மற்றவற்றைவிட மெதுவாக வரும்படி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மேலாளரும் கூட வந்தார். வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முன் தான் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். அவர் என்னை அழுத்தவிடவில்லை, தானே அழுத்தினார்.

ஒரு தாலி. அதன்மேல் இன்னொன்று வந்து மெல்ல உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினார். பின்னால் போகும் பொத்தான் எது என்று கேட்டு அதையும் அழுத்தினார். கடைசிவரை போனார்.

"மொதல்ல பாத்ததே திரும்ப வந்துருச்சே."

"சுத்திச் சுத்தி வரும்க்கா."

"அதுவும் சரிதான். எப்படியும் மொதல்ல பாத்ததத்தான் எடுப்பாங்க."

கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து சாமி படத்தின் அருகே போய், விரல் நுனியில் குங்குமம் எடுத்துவந்து கணினித் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். மேலாளர் பதறி என்னைப் பார்த்தார். ஒன்றும் ஆகாது, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று காதோடு சொன்னேன். அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அவருக்கும் அந்த வாரம் எளிதாக இருக்கவில்லை என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை.

சிறிது நேரத்தில் தெம்பனிஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கழுத்தில் செபமாலைப் பதக்கம் பார்த்து எங்கள் ஆட்கள் என்று தெரிந்துகொண்டேன். புறா வைத்தது உண்டா என்று கேட்டார்கள். அக்கா அழுத்தினார். அவர்கள் மூன்று புறாக்களையும் பார்த்து, மறுபடி பின்னால் போய், முதல் புறாவையே எடுத்தார்கள். படம் எப்படி மாறுகிறது என்று அவர்களில் யாரும் கவனிக்கவில்லை. யாரும் சினிமா மாதிரி என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது முதலாளி வாசல்வரை வந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல? சுவிட்சத் தட்டினா போதும்னு."

"ஆமாங்க. இப்ப போதும்" என்றேன். மேலாளர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்தத் தடவை சொன்னது சொன்னபடி மொழிபெயர்த்தேன். மூன்று பேரும் சிரித்தோம்.

மாத முடிவில் கடிதம் வந்தது. வேலை நிரந்தரம், இன்ன தேதியிலிருந்து என்று நாலைந்து வரி. வீட்டில் படித்துக் காட்டினேன். அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

இதற்குத் தேவையில்லை அப்பா என்றேன். பத்து வருடத்துக்கும் மேலாக என் பெயரில் வந்த தாள் எல்லாவற்றிலும் அவர்தான் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு மூடினார். அம்மா கடிதத்தை வாங்கி அலமாரியில் என் சான்றிதழ்களோடு வைத்தார்.

ஆனால் என் மனம் அன்று முழுதாக ஆறவில்லை. அந்தத் தாயும் மகளும் போய்விட்டார்களே. படித்தவள் இந்தச் சகுனத்தையெல்லாம் நம்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மாதாவுக்கு முன்னால் அவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். சில வாரம் கழித்துப் புதுப் படங்கள் சேர்க்கக் கடைக்குப் போனபோது, அந்த அம்மாள் மருமகனுக்கு மோதிரம் எடுக்க வந்துபோனதாக அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"கல்யாணம் ஆயிருச்சாக்கா?"

"ஆயிருச்சே, நல்லா நடந்துச்சாம். ரெண்டு பேரும் புக்கிட் பாத்தோக்ல வீடு எடுத்துப் போயிட்டாங்க. ஏன்?"

சும்மாதான் என்றேன். கடையை விட்டு வெளியே வந்து, சாலையைக் கடக்காமல் கொஞ்ச நேரம் நடைபாதையிலேயே நின்றேன். பூக்கடைக்காரர் வாளித் தண்ணீரைத் தெளித்தது என் காலில் பட்டது. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி கடிதம் வந்த அன்றுகூடக் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அதே சாலையில் ஒரு புடவைக் கடை, நகைக்கடை முதலாளி சொல்லி அனுப்பியவர்கள், அவர்களுக்கும் திரையில் படம் சுற்ற வேண்டுமாம். எதை எடுக்கலாம், பெட்டியா உறையா, எப்போது சோதிக்க ஆரம்பிப்பாய் என்று கேட்டார்.

முதலாளி எனக்கும் சொல்லியிருந்தார். அதனால் அதற்கு முந்தின இரண்டு நாளும் காலையில் அந்தப் புடவைக் கடையின் ஓரத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து அவர் மேசையில் வைத்தேன். விற்பவர் ஒரு புடவையை விரித்து, அதை மடிக்காமலேயே அடுத்ததை அதன்மேல் விரிக்கிறார். வாங்குபவர் குவியலின் அடியில் தெரிகிற ஓரத்தைப் பிடித்து இழுக்கிறார். எதுவும் சுற்றி வருவதில்லை, குவிகிறது. குவியலை எப்படி வரைவது என்று முதல் தாளின் கீழேயே தொடங்கியிருந்தேன்.